ஒரு சீசன் கான்ட்ராக்ட்: வெளிநாட்டுல ஆடுற பாஸ்கெட்பால் வீரரின் வேலை வாழ்க்கை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

என்பிஏ டிராஃப்ட் பத்தி பேசினதுக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணு இருக்கு. டிராஃப்ட் ஆகியும் நிலைக்காதவங்க, டிராஃப்ட்டே ஆகாதவங்க எல்லாம் அப்புறம் எங்க போறாங்க? டிவில இருந்து காணாமப் போனவங்க ஆட்டத்தை விட்டுட்டாங்கன்னுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்ல. அவங்க வேற நாட்டுல, வேற நேர மண்டலத்துல, அடுத்த சனிக்கிழமை மேட்ச்சுக்கு டேப் சுத்திக்கிட்டு இருக்காங்க.

இன்னைக்கு அந்த வேலையைப் பத்திதான். வேலைன்னு நான் சொல்றது வேணும்னேதான். சம்பளம், கான்ட்ராக்ட், நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர் எல்லாம் இருக்கிற ஒரு வேலை. அது எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்க ஒருத்தரோட பாதையைப் பிடிச்சுக்கிட்டே போவோம். அவர் பெயர் பி.ஜே. டக்கர்.

17 ஆட்டம்

டக்கர் வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரத்துக்காரர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2006-ல் 'பிக் 12' கான்ஃபரன்ஸின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதே வருஷம் என்பிஏ டிராஃப்ட்டில் டொராண்டோ ராப்டர்ஸ் அவரை 35-வது ஆளாக எடுத்தது.

35-வதுங்கிறது முக்கியமான எண். டிராஃப்ட்டில் ரெண்டு சுற்று. முதல் சுற்றுல 30 பேர். அவங்களுக்கு லீக் விதிப்படியே உத்தரவாதமான கான்ட்ராக்ட் உண்டு. ரெண்டாவது சுற்றுல எடுக்கப்பட்டவருக்கு அப்படி எந்த உத்தரவாதமும் தானா வந்துடாது. டீம் கொடுத்தா உண்டு, இல்லைன்னா இல்ல. 30-வது ஆளுக்கும் 35-வது ஆளுக்கும் திறமைல பெரிய வித்தியாசம் இருக்கணும்னு அவசியமில்ல. ஆனா கையெழுத்துப் போடுற பேப்பர் வேற.

இன்னொரு சிக்கல் உயரம். டக்கர் 6 அடி 5 அங்குலம். நமக்கு அது பெரிய உயரம். ஆனா காலேஜ்ல அவர் கூடைக்குக் கிட்ட நின்னு, பெரிய ஆட்களோட மல்லுக்கட்டி பாயிண்ட் எடுத்தவர். என்பிஏல அந்த இடத்துல நிக்கிறவங்க அவரை விட நாலஞ்சு அங்குலம் உயரம். வெளிய தள்ளி நின்னு ஆடணும்னா தூர ஷாட் வேணும். அது அப்போ அவர்கிட்ட இல்ல. இந்த மாதிரி ரெண்டு இடத்துக்கும் பொருந்தாதவரை அங்க 'ட்வீனர்'னு சொல்வாங்க.

ராப்டர்ஸுக்கு அவர் ஆடினது 17 ஆட்டம். நடுவுல டி-லீக்ல கொலராடோ 14ர்ஸ் அணிக்கு அனுப்பினாங்க. 2007 மார்ச்சில் டொராண்டோ அவரை விடுவித்தது. அப்போ அவருக்கு 21 வயசு.

இப்போ அவர் முன்னாடி இருந்த கணக்கைப் பாருங்க. என்பிஏல 30 டீம், டீமுக்கு 15 பேர். மொத்தம் 450 இடம். அதுக்கு வெளிய அமெரிக்காவுல இருந்த தொழில்முறை வாய்ப்பு டி-லீக். அங்க அந்தக் காலத்து மேல்மட்டச் சம்பளமே ஒரு சீசனுக்குச் சுமார் 25 ஆயிரம் டாலர்தான். அங்க இருந்தா என்பிஏ ஆட்கள் கண்ணுல படலாம், ஆனா வாடகை கட்டவே திணறணும். வெளிநாடு போனா காசு உண்டு, ஆனா யார் கண்ணுலயும் படமாட்டோமோன்னு பயம். இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும். டக்கர் இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்.

'ஜர்னிமேன்'ல பயணம் இல்ல

இப்படி ஊர் ஊரா ஆடுறவங்களை ஆங்கிலத்துல 'ஜர்னிமேன்'னு சொல்றாங்க. ஜர்னின்னு இருக்கிறதால பயணம் பண்ணிக்கிட்டே இருக்கிறவர்னு நாம எடுத்துக்கிறோம். ஆனா அந்தச் சொல்லோட வேர் பிரெஞ்சுல ஒரு நாளைக் குறிக்கிற சொல். தொழில் கத்துக்கிட்டு முடிச்ச, ஆனா சொந்தப் பட்டறை இல்லாத கைத்தொழிலாளி நாள் கணக்குல கூலி வாங்கினார். அவர்தான் ஜர்னிமேன். நம்ம பாஷையில சொல்லணும்னா, தேர்ந்த தினக்கூலி.

இந்த அர்த்தம்தான் நம்ம விஷயத்துக்குச் சரியா பொருந்துது. வெளிநாட்டு பாஸ்கெட்பால் வீரரோட கதையில ஊர் சுத்துறது மேலோட்டமான பகுதி. ஒவ்வொரு வருஷமும் வேலையைப் புதுசா சம்பாதிக்கணும்ங்கிறதுதான் அடியில இருக்கிற விஷயம்.

ஆஃபர் லெட்டர்ல என்ன இருக்கும்?

ஐரோப்பாவுல ஒரு கிளப் அமெரிக்க வீரரை எடுக்கும்போது பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான் கான்ட்ராக்ட். ஆகஸ்ட், செப்டம்பர்ல ஆரம்பிச்சு மே, ஜூன்ல முடியும். சம்பளத்தை 'நெட்'னு பேசுவாங்க. அதாவது உள்ளூர் வரியை கிளப்பே கட்டிடும், கையில வர்றது இவ்வளவுன்னு. அதோட வீடு, ஒரு கார், வந்து போக விமான டிக்கெட். அமெரிக்காவில் இருக்கிற ஏஜென்ட், உள்ளூர் ஏஜென்ட் ரெண்டு பேர் சேர்ந்து முடிக்கிற டீலும் உண்டு. ஏஜென்ட் கட்டணத்தை வழக்கமா கிளப்தான் கொடுக்கும். அது சம்பளத்துல பத்து சதவீதம் வரைக்கும் போகும்.

கேக்க நல்ல பேக்கேஜா இருக்கு, இல்ல? இப்போ மறுபக்கம். பெரும்பாலான நாடுகள்ல வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஜெர்மன் லீக்கில் 12 பேர் பட்டியல்ல பாதிப் பேர் ஜெர்மானியரா இருக்கணும்னு விதி வந்தது. பிலிப்பைன்ஸ் லீக்கில் 'இம்போர்ட்'னு வழக்கமா ஒரே ஒரு வெளிநாட்டு வீரருக்குத்தான் இடம், அதுவும் எல்லா தொடர்லயும் இல்ல. பல தொடர்கள்ல அவரோட உயரத்துக்கும் உச்சவரம்பு வெச்சிருக்காங்க, அப்போ ஸ்கேல் வெச்சு அளந்துதான் உள்ள விடுவாங்க.

இந்த வரம்போட விளைவு என்னன்னா, இம்போர்ட் வீரர் 'டீம்ல ஒருத்தர்' கிடையாது. இந்த சீசனோட பிரச்சினைக்கு கிளப் காசு கொடுத்து வாங்கின தீர்வு அவர். நாலு மேட்ச் தொடர்ந்து தோத்தா உள்ளூர் வீரர்களை மாத்த முடியாது, அவங்களுக்குப் பதில் ஆள் இல்ல. கோச்சை மாத்தலாம், இல்ல இம்போர்ட்டை மாத்தலாம். இம்போர்ட்டை மாத்துறதுதான் சுலபம். அவரை மாதிரி இன்னும் நூறு பேர் போன் பக்கத்துல உக்காந்திருக்காங்க.

ஐடி ஆட்களுக்கு இது புரியும். கிளையன்ட் சைட்ல கான்ட்ராக்டரா உக்காந்தவங்களுக்கு இன்னும் நல்லா புரியும். டீம் லஞ்சுக்குக் கூப்பிடுவாங்க, எல்லாரும் அன்பா பேசுவாங்க. ஆனா பட்ஜெட் மீட்டிங் நடக்கும்போது முதல்ல அடிக்கிற வரி யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஹோலோன்

டக்கர் சேர்ந்த கிளப் ஹப்போயல் ஹோலோன். டெல் அவிவ் நகரத்துக்குத் தெற்கே, ஒட்டினாற்போல இருக்கிற ஊர் ஹோலோன். அந்த டெல் அவிவ்லதான் மக்காபி இருக்கு. இஸ்ரேல் பாஸ்கெட்பாலில் மக்காபின்னா என்னன்னு சொல்ல ஒரு கணக்கு போதும். 1970-ல் இருந்து 2007 வரைக்கும் நடந்த 38 சீசன்ல 37 தடவை அவங்கதான் சாம்பியன். விட்டது 1993 ஒண்ணே ஒண்ணு.

2008-ல் இறுதிப் போட்டியில் ஹோலோன் அந்த மக்காபியை ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல தோற்கடித்தது. டக்கர்தான் அந்த சீசனின் லீக் எம்விபி. டொராண்டோ வேண்டாம்னு அனுப்பின ஆள் ஒரே வருஷத்துல ஒரு நாட்டோட சிறந்த வீரர்.

இதுக்கு அப்புறம் என்பிஏ கூப்பிட்டிருக்கணும்னுதானே தோணுது? கூப்பிடல. காரணத்தைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். இஸ்ரேல்ல அவர் செய்தது காலேஜ்ல செய்த அதே வேலைதான்: கூடைக்குக் கிட்ட பலமா நின்னு பாயிண்ட் எடுக்கிறது. அங்க அது எம்விபி விருது வாங்கித் தந்தது. ஆனா என்பிஏ டீம் கேக்குற கேள்வி வேற. "எங்க ஸ்டார் ஆட்டக்காரன் பந்தை வெச்சிருக்கும்போது நீ என்ன பண்ணுவ?" இந்தக் கேள்விக்கு எம்விபி கோப்பை பதில் ஆகாது.

ரிலீவிங் லெட்டர்

இங்க கொஞ்சம் பேப்பர் வேலையைப் பேசணும். இது போரடிக்கிற விஷயம் மாதிரி தெரியும், ஆனா இந்தத் தொழில்ல ஒருத்தரோட வருஷத்தையே காப்பாத்துறதும் கவுக்கிறதும் இதுதான்.

ஒரு நாட்டு லீக்ல இருந்து இன்னொரு நாட்டு லீக்குக்குப் போகும்போது 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' வேணும். சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபாவோட விதி அது. கடைசியா ஆடின நாட்டோட கூட்டமைப்பு, "இவருக்கு எங்ககிட்ட கான்ட்ராக்ட் பாக்கி இல்ல, போகலாம்"னு எழுதிக் கொடுக்கணும். நம்ம ரிலீவிங் லெட்டரேதான். அது வராம புது கிளப்புக்கு ஆட முடியாது.

என் கூடப் படிச்ச ஒருத்தன் பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டருக்காக மூணு வாரம் மெயில் மேல மெயில் போட்டான். புது கம்பெனி சேரும் தேதியைத் தள்ளிக் கொடுத்தாங்க, பிழைச்சான். பாஸ்கெட்பால்ல மூணு வாரம்னா ஆறு மேட்ச் வரைக்கும் போயிடும். அதுக்குள்ள புது கிளப் வேற ஆளை எடுத்திருக்கும்.

அடுத்தது சம்பளம். ஐரோப்பாவில் பல கிளப்புகள் டிக்கெட் வருமானத்துல மட்டும் ஓடுறது இல்ல. ஒரு தொழிலதிபரோட கைக்காசு, நகராட்சியோட மானியம், ஒரே ஒரு ஸ்பான்சர் - இப்படித்தான் பல இடத்துல. அந்த ஒரு குழாய் அடைச்சா சம்பளம் நிக்கும். முதல் மாசம் "பேங்க்ல தாமதம்". ரெண்டாவது மாசம் "அடுத்த வாரம்". மூணாவது மாசம் வீரர் முடிவு பண்ணணும்: ஆட மறுத்தா கான்ட்ராக்டை மீறினதா ஆகுமோ, ஆடினா சும்மாவே ஆடிக்கிட்டு இருப்போமோ? முன்ன எல்லாம் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகணும். அந்த நாட்டு மொழி தெரியாது, வக்கீல் கிடையாது, வழக்கு முடிய வருஷக்கணக்காகும். வீரர் வீட்டுக்குப் போயிடுவார், காசு அப்படியே போயிடும்.

2007-ல் ஃபிபா இதுக்காக ஒரு நடுவர் மன்றம் தொடங்கியது. இப்போ அதோட பெயர் பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் டிரிப்யூனல், சுருக்கமா பிஏடி. ஜெனீவாவை இடமாக் கொண்டது. எந்த நாட்டு வழக்கா இருந்தாலும் நடைமுறை ஆங்கிலத்துலதான். ஒரே ஒரு நடுவர், பெரும்பாலும் நேர்ல விசாரணை கிடையாது, பேப்பரைப் பார்த்து முடிவு. ஒரு குறிப்பிட்ட நாட்டுச் சட்டத்தைத் தோண்டாம, எது நியாயமோ அதன்படி தீர்ப்பு சொல்ற முறை. கிளப் தீர்ப்பை மதிக்கலைன்னா புது வீரர்களைப் பதிவு பண்ண ஃபிபா தடை போடலாம். தடை வாங்கின கிளப்புகளோட பட்டியலை ஃபிபா வெளியிடுது. ஏஜென்ட் ஆஃபர் கொண்டு வந்தா அந்தப் பட்டியலை முதல்ல பார்க்கிறது புத்திசாலித்தனம்.

ஒரு நிபந்தனை இருக்கு. கான்ட்ராக்ட்ல "தகராறு வந்தா பிஏடிக்குப் போவோம்"னு ஒரு பத்தி இருந்தாத்தான் இந்த வழி பொதுவா திறக்கும். ஒரே ஒரு பத்தி. சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுற 22 வயசுப் பையனுக்கு அந்தப் பத்தி கண்ணுலயே படாது.

எந்த ஊருக்குப் போறோம்ங்கிறது

ஹோலோனுக்கு அப்புறம் டக்கர் போனது உக்ரைன். 2008-ல் இருந்து ரெண்டு சீசன் டோனெட்ஸ்க் நகரத்துல. அப்போ அது சுரங்கமும் எஃகு ஆலையும் உள்ள பணக்கார ஊர், விளையாட்டுல காசு போடுற முதலாளிகள் இருந்த ஊர். 2014-ல் அங்க போர் வந்தது. அந்த ஊர் விமான நிலையமே சண்டையில தரைமட்டமானது. டக்கர் அதுக்குள்ள போயிட்டார். ஆனா அவர் வேலை பார்த்த ஊர்னு சொல்லிக் காட்ட இன்னைக்கு அந்த டோனெட்ஸ்க் இல்ல.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்தபோது மைக்கோலாயிவ் நகரத்துல மாரிஸ் கிரீக்னு ஒரு அமெரிக்க வீரர் ஆடிக்கிட்டு இருந்தார். பதுங்குமிடத்துல நாட்களைக் கழிச்சு, சாலை வழியா எல்லை தாண்டித்தான் அவர் வெளிய வந்தார். "ஆபத்துன்னு தெரிஞ்சும் முன்னாடியே ஏன் கிளம்பலை?"ன்னு கேக்குறது சுலபம். நாம இப்பதான் பார்த்த பேப்பர் வேலையை நினைச்சுப் பாருங்க. சீசன் நடுவுல கிளம்பினா கான்ட்ராக்டை மீறினது ஆகலாம், பாக்கி சம்பளம் போகலாம், கிளியரன்ஸ் சிக்கலாகலாம். இந்த வேலையில ஒருத்தர் சூட்கேஸை மூடுற முடிவுக்குள்ள இத்தனை விஷயம் இருக்கு.

பெண் வீரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. ஆண்கள்ல என்பிஏ கிடைக்காதவங்க வெளிநாடு போறாங்க. பெண்கள்ல உலகத்தோட உச்ச வீராங்கனைகளே போனாங்க, ஏன்னா காசு அங்கதான் இருந்தது. 2015-ல் டயானா டவ்ராசி டபிள்யூஎன்பிஏ சீசனையே விட்டுட்டு வீட்டுல ஓய்வெடுத்தார். ஓய்வெடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தது அவரோட ரஷ்ய கிளப், யெகாடெரின்பர்க். அமெரிக்க லீக்ல அவருக்குச் சுமார் 1.07 லட்சம் டாலர். ரஷ்யாவுல ஏறக்குறைய 15 லட்சம் டாலர்னு செய்திகள் சொல்லின. அதே கிளப்புக்கு ஆடத்தான் பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோவில் இறங்கினார். விமான நிலையத்துல கைதானார், கைதிகள் பரிமாற்றத்துல டிசம்பர்லதான் வீடு திரும்பினார். "ஏன் ரஷ்யா போனாங்க?"ன்னு அப்போ சோஷியல் மீடியாவில் எழுதினவங்க நிறைய. அவங்க வழக்கமா வேலைக்குப் போற வழி அது.

பாம்பெர்க்

டக்கருக்குத் திரும்ப வருவோம். உக்ரைனுக்கு அப்புறம் மறுபடி இஸ்ரேல், கிரீஸ்ல ஏரிஸ், இத்தாலில மோன்டேகிரானாரோ. 2011-ல் ஜெர்மனியின் பாம்பெர்க். எழுபதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற சின்ன ஊர். பாஸ்கெட்பால் வெறி பிடிச்ச ஊர்ங்கிறதால 'ஃப்ரீக் சிட்டி'ன்னு பட்டப் பெயர். அங்க 2012-ல் லீக், கோப்பை ரெண்டையும் ஜெயிச்சாங்க. இறுதிச் சுற்றோட எம்விபி டக்கர்.

ஐரோப்பிய ஆட்டம் ஒரு வீரரை எப்படி மாத்தும்னு இங்க சொல்லணும். என்பிஏ ஆட்டம் 48 நிமிஷம், ஃபிபா ஆட்டம் 40. என்பிஏல தடுப்பாட்டக்காரர் கூடைக்கு முன்னாடி சும்மா மூணு வினாடிக்கு மேல நிக்கக் கூடாது. ஃபிபாவுல அந்தத் தடை இல்ல. அதனால உள்ள எப்பவும் நெரிசல். தனி ஆளா புகுந்து 30 பாயிண்ட் அடிக்கிறது கஷ்டம். சராசரி 12 பாயிண்ட்னா அங்க நல்ல வீரர். வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு மேட்ச்தான், ஆனா ஒவ்வொரு தோல்வியும் பெரிசு. சரியான இடத்துல நிக்கிறது, அடுத்தவன் விட்ட ஆளை ஓடிப் பிடிக்கிறது, ரீபவுண்டுக்கு இடுப்பு கொடுக்கிறது - பாக்ஸ் ஸ்கோர்ல வராத இந்த வேலைகளுக்கு அங்க மதிப்பு அதிகம்.

இன்னொரு சின்ன அளவு. 2010-ல் இருந்து ஃபிபாவோட மூன்று-புள்ளிக் கோடு 6.75 மீட்டர். என்பிஏ கோடு நடுவுல 7.24 மீட்டர், ஆனா மூலையில மட்டும் கிட்டத்தட்ட 6.7. அதாவது ஐரோப்பாவுல வழக்கமா எறியிற தூரம்தான் என்பிஏ மைதானத்தோட மூலை. டக்கர் பின்னாடி வீடு கட்டினது அந்த மூலையிலதான்.

2012 கோடையில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியோட சம்மர் லீக்ல ஆடினார். சம்மர் லீக்னா புதுப் பசங்க பரீட்சை எழுதுற இடம். 27 வயசுல, ரெண்டு நாட்டு லீக் கோப்பையோட, அங்க போய் நின்னார். சன்ஸ் கான்ட்ராக்ட் கொடுத்தது. அஞ்சு சீசன், அஞ்சு நாடு கழிச்சு மறுபடி என்பிஏ.

ஆனா திரும்பி வந்தது இஸ்ரேல்ல எம்விபி வாங்கின அதே டக்கர் இல்ல. இந்த டக்கர் எதிரணியோட சிறந்த வீரரைத் தடுக்கிற வேலையை எடுத்துக்கிட்டார். தன் டீம் ஸ்டார் பந்தோட ஆடும்போது மூலையில காத்திருந்து, வந்தா எறிஞ்சார். 2017-ல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் நாலு வருஷத்துக்கு 3.2 கோடி டாலர் கான்ட்ராக்ட் கொடுத்தது. 2020-ல் ஹூஸ்டன் தன் உயரமான சென்டரை விட்டுட்டு, 6 அடி 5 அங்குல டக்கரையே சென்டரா நிறுத்தினது. எந்த உயரத்தைக் காட்டி 2007-ல் இவருக்கு இடம் இல்லைன்னாங்களோ, அதே உயரம்.

2021-ல் மில்வாக்கி பக்ஸ். ப்ரூக்ளினுக்கு எதிரான சுற்றுல கெவின் டுராண்டைத் தடுக்கிற வேலை இவருக்கு. ஏழாவது ஆட்டத்துல டுராண்ட் 48 பாயிண்ட் அடிச்சார். எண்ணை மட்டும் பார்த்தா டக்கர் தோத்துட்டார். ஆனா அந்த 48-ல ஒவ்வொண்ணுக்கும் டுராண்ட் மூச்சு வாங்கினார், கூடுதல் நேரத்துல மில்வாக்கி ஜெயிச்சது. அடுத்த மாசம், ஜூலையில், இறுதிச் சுற்றுல சாம்பியன். தோற்கடிச்சது யாரைன்னு பாருங்க: திரும்ப வாய்ப்பு கொடுத்த அதே ஃபீனிக்ஸ். டக்கருக்கு அப்போ 36 வயசு.

திரும்பாதவங்க

எபிசோடை இங்கயே முடிச்சா நல்ல சினிமா. ஆனா அப்படி முடிச்சா பொய்யாகிடும். டக்கர் கதை நமக்குத் தெரியக் காரணமே அவர் திரும்பி வந்ததுதான். இதே அளவு உழைச்சு திரும்பாதவங்க பல மடங்கு. 450 இடத்துக்கு ஒவ்வொரு வருஷமும் புதுசா சுமார் 60 பேர் டிராஃப்ட் ஆகிறாங்க. கணக்கே இடம் கொடுக்காது. அதனால 'என்பிஏ திரும்பினா வெற்றி, இல்லைன்னா தோல்வி'ன்னு அளந்தா, இந்தத் தொழில்ல இருக்கிற பெரும்பாலானோரைத் தோத்தவங்கன்னு சொல்றோம்.

ரெண்டு பேரைச் சொல்றேன். ஜே.ஆர். ஹோல்டன், பிட்ஸ்பர்க் ஆள். எந்த என்பிஏ டீமும் டிராஃப்ட் பண்ணல. லாட்வியா, பெல்ஜியம், கிரீஸ் வழியா மாஸ்கோவின் சிஎஸ்கேஏ கிளப்புக்குப் போனார். ரஷ்யக் குடியுரிமை கிடைச்சது. 2007 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில், மாட்ரிட்ல, ஸ்பெயின் ரசிகர்கள் நிரம்பின அரங்கத்துல, கடைசி வினாடிகள்ல அவர் போட்ட கூடைதான் ரஷ்யாவை 60-59-ன்னு சாம்பியனாக்கினது. என்பிஏல ஒரு நிமிஷம் கூட அவர் ஆடினது இல்ல.

இன்னொருத்தர் ஜஸ்டின் பிரவுன்லீ. 2011-ல் டிராஃப்ட் ஆகல. 2016-ல் பிலிப்பைன்ஸின் பரங்காய் ஜினெப்ரா அணி, காயம்பட்ட இம்போர்ட்டுக்குப் பதிலா அவரை அவசரத்துக்குக் கூப்பிட்டது. நான் சொன்னேனே, போன் பக்கத்துல உக்காந்திருக்கிற நூறு பேர்னு? அதுல ஒருத்தர். அந்தத் தொடர்லயே இறுதிச் சுற்றுல, ஆறாவது ஆட்டத்தோட கடைசி நொடியில மூன்று-புள்ளி ஷாட் போட்டு, எட்டு வருஷமா கோப்பை பார்க்காத டீமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் வருஷா வருஷம் கூப்பிட்டாங்க. 2023 ஜனவரியில் அவருக்குக் குடியுரிமை கொடுக்க அந்த நாட்டுல தனிச் சட்டமே நிறைவேறியது. அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டுல பிலிப்பைன்ஸ் தங்கம் வாங்கினது. 1962-க்கு அப்புறம் முதல் தடவை. மணிலாவில் அவர் தெருவுல நடக்க முடியாது. அமெரிக்காவில் பெரும்பாலானோருக்கு அவர் யாருன்னே தெரியாது.

இந்த மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. மூணு பேரும் போன இடத்தை 'தற்காலிகம்'னு நினைச்சு அரை மனசோட வேலை பார்க்கல. இதுல இருந்து "உழைச்சா எல்லாம் கிடைக்கும்"னு நான் பாடம் எடுக்க மாட்டேன். உழைச்சும் மூணு மாசச் சம்பளம் வராம வீடு திரும்பினவங்க இருக்காங்க. அவங்களுக்குக் குறைஞ்சது உழைப்பு இல்ல. கான்ட்ராக்ட்ல ஒரு பத்தி, முதலாளியோட நேர்மை, சில நேரம் ஒரு நாட்டோட அமைதி.

அதனால அடுத்த தடவை யாராவது ஒரு வீரரைப் பத்தி "அவன் அவுட்டுப்பா, இப்போ எங்கயோ வெளிநாட்டுல ஆடுறான்"னு சொன்னா, ரெண்டு கேள்வி கேளுங்க. அங்க அவர் என்ன வேலை செய்றார்? சம்பளம் ஒழுங்கா வருதா? மத்த எந்தத் தொழிலாளியைப் பத்தியும் நாம கேக்குற கேள்விங்கதான் அவை.

அடுத்த எபிசோட்ல கோச்சுகளோட கதை. அவங்க வேலை இதை விட மோசம், அவங்களுக்குப் பதிலா மூலையில நின்னு எறிய யாரும் இல்ல. சந்திப்போம் மக்களே.